தென்றல் ஏறிய விமானம்

குலுக்கலில் தென்றலின் பெயர் வந்தது. ஆறாம் வகுப்பு முழுவதும் "ஓ!" என்று கத்தியது. தென்றல் மட்டும் கத்தவில்லை. தன் பெயரில் வகுப்பில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எழுந்திரும்மா," என்றார் தலைமை ஆசிரியை ஜோதியம்மாள். "வர்ற ஞாயித்துக்கெழம நீ ப்ளேன்ல போகப்போற."

அது 1997ஆம் ஆண்டு. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஓர் ஏரி இருந்தது. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டதால் மார்ச் மாதத்திலேயே அது வறண்டு கிடந்தது. அங்கேதான் ஒரு கண்காட்சி நடக்கப் போகிறது. பழைய கார்கள் என்றால் உயிரை விடுகிறவர்களும், சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறவர்களும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். கார்கள் சாலையில் வரும். விமானங்கள் ஏரியிலேயே இறங்கும். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையை விமானத்தில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டப் போவதாக அவர்களுடைய சங்கத்தார் சொல்லியிருந்தார்கள்.

தென்றலுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. விமானம் இறங்க ஏரித் தரையைச் சமன் செய்தவர் அவளுடைய அப்பா தசரதன். அவர் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். கான்ட்ராக்டர் புகழேந்தியிடம் வேலை பார்த்தார். கண்காட்சியை முன்னின்று நடத்துகிறவரே அந்தக் கான்ட்ராக்டர்தான்.

"எங்கப்பா போட்ட ரோட்டுல நான் ப்ளேன்ல போறேன்!" என்று வீட்டுக்குள் குதித்தாள் தென்றல்.

"மேல போனதும் தலைய வெளிய நீட்டாத," என்றார் அம்மா ஆதிலட்சுமி.

"அது இன்னா டவுன் பஸ்ஸா?" என்று அப்பா சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் பள்ளியில் தென்றலுக்குத் தனி மரியாதை. ஆளாளுக்கு வந்து ஒரு வேலை கொடுத்தார்கள்.

"மல உச்சியில இன்னா இருக்குன்னு பாத்துட்டு வா."

"எங்க பக்கத்து வீட்டு மாடியில என் பந்து கெடக்குதா பாரு. போன வருசம் அடிச்சது," என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

கணக்கு வாத்தியார்கூட விடவில்லை. "கோயில சுத்தி எத்தன தெருன்னு எண்ணிட்டு வா," என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்.

தென்றலின் தோழி சன்மதி பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவர்கள் ஊரில் ஒரு பழைய சமணக் கோயில் இருந்தது. அவள் மெதுவாகக் கேட்டாள். "எங்க கோயிலு மேலருந்து தெரியுதான்னு பாக்கறியா? சின்னதுதான். வெள்ளையடிச்சிருக்கும். நீ பாத்துட்டேன்னு சொன்னா எங்க ஊருல எல்லாருக்கும் சொல்லுவேன்."

"கண்டிப்பா பாக்கறேன்," என்றாள் தென்றல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரி நிறைய ஜனம். கார்கள் வரிசையாக நின்றன. பக்கவாட்டில் மாற்றுச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு நீளமாக ஒரு பச்சை நிறக் கார். குதிரை வண்டி மாதிரி மெல்லிய சக்கரங்களோடு இன்னொன்று. பச்சைக் காரின் சொந்தக்காரர் மஞ்சள் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் ஏரிப் புழுதி மறுபடி வந்து உட்கார்ந்தது. அவர் மறுபடி துடைத்தார்.

"பாவம், இவரு வீட்லயே நிறுத்தியிருக்கலாம்," என்றாள் தென்றல்.

அப்போது வானத்தில் சத்தம் கேட்டது. வெள்ளை நிறத்தில், நீலக் கோடு போட்ட ஒரு குட்டி விமானம் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரையில் இறங்கி ஓடி நின்றது. கூட்டம் கைதட்டியது. அப்பா மட்டும் விமானத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடல பாத்தியா? கொஞ்சங்கூட ஆடல," என்று தென்றலின் தோளைத் தட்டினார்.

சங்கத்து ஆள் ஒருவர் வந்து தென்றலைக் கூப்பிட்டார். அப்பாவைத் தடுப்புக் கயிற்றுக்கு வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் விமானத்திடம் அழைத்துப் போனார். விமானி நரைத்த மீசை வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. தென்றலை அதில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, காதில் பெரிய கருவி ஒன்றையும் மாட்டினார்கள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் விமானி.

"இல்லீங்க சார்."

பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். "சிரிம்மா. கைய ஆட்டு. இன்னொண்ணு." தென்றல் சிரித்தாள். கையை ஆட்டினாள்.

போட்டோ எடுத்து முடிந்ததும் சங்கத்து ஆள் பெல்ட்டைக் கழற்றினார். "கொஞ்சம் இறங்கும்மா."

"ஏன் சார்?"

"அடுத்த ரவுண்டு நீ. இப்ப இவரு பையன் போயிட்டு வந்துடட்டும்."

கான்ட்ராக்டர் புகழேந்தி தன் மகன் இளஞ்செழியனைத் தோளில் கை போட்டு அழைத்து வந்துகொண்டிருந்தார். பையனுக்கு எட்டு வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"குலுக்கல்ல என் பேருதானே சார் வந்துச்சு?" என்றாள் தென்றல்.

சங்கத்து ஆள் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சிரித்தார். "நம்ம தசரதன் பொண்ணா? பத்து நிமிசம் பொறுத்துக்க மாட்டியா பாப்பா?"

தென்றல் இறங்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வார். இந்தத் தரையைச் சமன் செய்தவரே அவர்தானே!

அப்பா கான்ட்ராக்டரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எறங்கி வாம்மா," என்றார்.

தென்றல் இறங்கினாள். இந்தக் கூட்டத்தில் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அங்கே வேறு யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "எனக்கு வேணாம்ப்பா. பயமா இருக்குப்பா," என்று இளஞ்செழியன் முனகினான்.

"ஊரே பாக்குது. ஏறு," என்று கான்ட்ராக்டர் பல்லைக் கடித்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது. 'நல்லா வேணும்' என்றுதான் தென்றலுக்கு முதலில் தோன்றியது. அவனைத் தாண்டி நடந்தாள். இரண்டடி போனதும் நின்றாள். இவன் கேட்டா வாங்கினான்?

திரும்பி வந்து அவன் காதருகில் சொன்னாள். "கீழ பாக்காத. நேரா மலையவே பாரு. மல ஆடாது."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான்.

விமானம் ஓடி, எழும்பி, மலைப் பக்கம் போய்ச் சின்னப் புள்ளியாகிவிட்டது. தென்றல் கயிற்றுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள். அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

விமானம் திரும்பி இறங்கியதும் கான்ட்ராக்டருக்கு மாலை போட்டார்கள். இளஞ்செழியன் முகம் வெளுத்து, ஆனால் அழாமல் இறங்கினான். நேராகத் தென்றலிடம் வந்தான்.

"நீ சொன்ன மாதிரி மலையத்தான் பாத்தேன். அதனாலதான் வாந்தி வரல."

"கோயில சுத்தி தெருவெல்லாம் தெரிஞ்சுதா? ஒரு வெள்ளைக் கோயிலு?"

"அதெல்லாம் பாக்கலயே. மலைய மட்டுந்தான் பாத்தேன்." பிறகு, "அடுத்தது நீதானே? போயிட்டு வா," என்றான்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று கிளம்பியது. புழுதி சுழன்று எழுந்து கார்களையெல்லாம் மூடியது. பச்சைக் காரின் சொந்தக்காரர் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். விமானி வானத்தைப் பார்த்தார்.

"காத்து ஜாஸ்தி. இதுக்கு மேல யாரையும் ஏத்தக் கூடாது," என்றார்.

"ஸ்கூல் பொண்ணு ஒண்ணு பாக்கி..." என்று இழுத்தார் சங்கத்து ஆள்.

"அந்தப் பொண்ணத்தானே மொதல்ல உட்கார வெச்சேன்? நீங்கதானே எறக்கினீங்க?"

சங்கத்து ஆள் தென்றலிடம் சங்கத்தின் பெயர் போட்ட ஒரு தொப்பியைக் கொடுத்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். தலையில் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராச்சும் கேட்டா, போனேன்னு சொல்லிடேன். எதுக்கு வம்பு?"

தென்றல் வீட்டுக்கு வந்தும் அப்பாவோடு பேசவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை, இறைவணக்கம் முடிந்ததும் ஜோதியம்மாள் டீச்சர் செய்தித்தாளை உயர்த்திக் காட்டினார். விமானத்துக்குள் தென்றல் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழை மாணவி வானில் பறந்தார்!" என்று டீச்சர் உரக்கப் படித்தார். பள்ளி முழுவதும் கைதட்டியது. "வா தென்றல். மேலருந்து பாத்தா நம்ம ஊரு எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லு."

தென்றல் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். சொல்லிவிடலாம். மலை பச்சையாக இருந்தது, தெருக்கள் கோடு கோடாக இருந்தன, மாடியில் பந்து கிடந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? செய்தித்தாளே சாட்சி சொல்கிறது.

முதல் வரிசையில் சன்மதி நின்றிருந்தாள். கண்களை அகல விரித்துக் காத்திருந்தாள். 'உங்க கோயில் தெரிஞ்சுது' என்று சொன்னால் போதும். இன்று சாயந்திரமே ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுவாள். அங்கே எல்லாரும் அதை நம்பி மகிழ்ந்து போவார்கள்.

"நான் பறக்கல," என்றாள் தென்றல்.

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

"பேப்பர்ல போட்டிருக்கே?" என்றார் டீச்சர்.

"போட்டோ எடுக்கறப்ப உள்ள உக்காந்திருந்தேன் டீச்சர். அப்புறம் எறங்கச் சொல்லிட்டாங்க. அப்பால காத்து வந்துடுச்சு."

"யாரு எறங்கச் சொன்னது?"

தென்றல் தலையைக் குனிந்துகொண்டாள். "அது வேணாம் டீச்சர்."

யாரும் கைதட்டவில்லை. டீச்சர் செய்தித்தாளை மெதுவாக மடித்தார். எதையோ கேட்க வந்தவர், கேட்காமல், "எல்லாரும் வகுப்புக்குப் போங்க," என்றார்.

வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன், "அப்ப என் பந்து?" என்று கேட்டான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். "பயந்துகினு அவளே எறங்கியிருப்பா," என்று யாரோ சொன்னார்கள். அது யார் குரல் என்று தென்றல் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் வேலை கொடுத்தவர்களில் ஒருவர்கூட அன்று அவள் பக்கத்தில் வரவில்லை.

சன்மதி மட்டும் மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சுதுன்னு நீ சொல்லியிருந்தா, நான் நம்பியிருப்பேன்," என்றாள்.

"அதனாலதான் சொல்லல," என்றாள் தென்றல்.

சாயந்திரம் அப்பா வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தென்றல் வாசலில் போய் நின்றாள். நேற்றிலிருந்து அவரிடம் அவள் பேசும் முதல் பேச்சு அது.

"போகலன்னு சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும். மைக்ல."

அப்பா நிமிர்ந்தார். "யாரு எறக்கினதுன்னு?"

"சொல்லல."

"ஏன்?"

"உனக்கு வேல போயிடும்ல?"

அப்பாவின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நேத்து நான் ரெண்டு வார்த்த பேசியிருக்கணும்," என்றார்.

"ஏன் பேசல?"

"பயம்."

இவ்வளவு பெரிய ரோலரை ஓட்டுகிறவருக்குப் பயம் இருக்கும் என்று தென்றல் நினைத்ததே இல்லை.

"எப்படியும் மொதலாளி காதுக்குப் போயிடும்," என்றார் அப்பா. "நாளைக்குக் கேப்பாரு. எம்பொண்ணு நெஜத்ததாங்க சொன்னா, அது அவ சீட்டுதாங்கன்னு சொல்லிடறேன்."

"வேலைய விட்டு அனுப்பிட்டா?"

"ரோடு போடாத ஊரு எங்கனா இருக்குதா?" என்றார் அப்பா. தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க. சோறு ஆறுது."

தென்றலுக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.