மச்சான் பிடிக்கும் கயிறு

கப்பலில் வந்த விருந்தாளிகளிடம் ‘இல்லை’ என்று சொல்லுவதில்லை என்பது ரைட்டர் பொன்னுதுரையின் இருபது வருஷத்துப் பழக்கம். தூத்துக்குடித் துறையில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் ஐந்து மைலுக்கு அப்பாலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து பயணிகளை லாஞ்சில் ஏற்றிவந்து, ஊரைச் சுற்றிக் காட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவது கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவருடைய உத்தியோகம். யானை உண்டா என்று கேட்பவரிடம், “உண்டு, துரையவர்களே, இன்றைக்குக் குளிக்கப் போயிருக்கிறது” என்பார். புலி வருமா என்றால், “மழைக்காலத்தில் வரும்” என்பார். நாசரேத்து மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷும், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும், மாறாத புன்சிரிப்புமாக அவர் சொல்லும்போது யாருக்கும் ஐயம் எழுவதில்லை. கெடுதல் செய்யாத பொய்கள் என்றே அவரும் எண்ணியிருந்தார்.

யுத்தம் முடிந்த மூன்றாம் வருஷம், மாசி மாதத்தில், உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று வருவதாகத் தந்தி வந்தது. பயணிகளுக்கு முத்துக்குளிப்புக் காட்ட இயலுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. பொன்னுதுரை இயலும் என்று பதில் கொடுத்தார். எங்கெங்கோ அலைந்து ஒரு கூடைச் சிப்பி சேர்த்து, முயல் தீவின் ஓரத்தில் நாலு பாக ஆழத்தில், நாலு ஆள் உயரத் தண்ணீரில், போட்டுவைத்தார். மூழ்கி எடுப்பதற்குச் சங்கு குளிக்கும் கயித்தான் என்பவனை அமர்த்தினார்.

கயித்தானோடு அவன் மச்சான் லொஞ்சினும் வந்தான். கடலில் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் பெண்சாதியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். பிறத்தியான் கை அசந்துபோகலாம். தங்கையின் தாலியை நினைக்கிறவன் கை அசராது. கீழே இருப்பவன் மூன்று தரம் வெட்டி இழுத்தால், மேலே இருப்பவன் அந்தக் கணமே அவனைத் தூக்கிவிட வேண்டும்.

“நீ புடிச்சிருந்தா நான் அங்கன தூங்கிக்கூடப் போவேன் மச்சான்” என்றான் கயித்தான், கப்பல் வந்த அன்று வள்ளத்தில் நின்று கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டே.

“தூங்கு. குறட்டை கேட்டா இழுக்கேன்” என்றான் லொஞ்சின்.

அப்போதுதான், வேடிக்கை பார்க்க அந்த வள்ளத்தில் ஏறியிருந்த பயணிகளில் பச்சைத் தொப்பி அணிந்த ஒரு துரைசாணி, அந்தக் கயிற்றைத் தான் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பொன்னுதுரை, “தாராளமாக, அம்மணி” என்றார்.

“கூடாது ரைட்டரய்யா” என்று லொஞ்சின் கயிற்றை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். “இது வெளையாட்டுக் கயிறில்ல.”

“ஏலே, ஒரு நிமிஷம். நீ பக்கத்துலதானே நிக்க?”

பொன்னுதுரை கயிற்றை வாங்கித் துரைசாணியிடம் கொடுத்தார். கயித்தான் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்கினான். வழுக்கைத் தலைத் துரை ஒருவர் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் சென்றது. துரைசாணியின் கையில் கயிறு மூன்று தரம் துடித்தது. தூண்டிலில் மீன் கடித்ததுபோல அவள் களிப்பில் கூவினாள். லொஞ்சின் பாய்ந்தான்.

பொன்னுதுரை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வழுக்கைத் துரை ஒரு விரலை உயர்த்தியிருந்தார்; இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று பார்க்க வேண்டுமாம்.

“பொறு. துரை மணி பார்க்கார்.”

கயிறு மறுபடி மூன்று தரம் வெட்டியது. பிறகு ஒரே தரம். பிறகு, முந்தானையைப் பிடித்துக் குழந்தை இழுப்பதுபோல, மிக மெதுவாக. பிறகு தளர்ந்து கிடந்தது.

ஒரு நிமிஷம் நாற்பது விநாடி.

லொஞ்சின் கையை உதறிக்கொண்டு கயிற்றைப் பறித்து இழுத்தபோது, அது பாரமே இல்லாமல் வந்தது. முடிச்சு அவிழவில்லை. வளையத்துக்குள் ஆள் இல்லை.

அவனும் சேதி கேட்டு வந்த வள்ளக்காரர்களும் அந்தி வரையில் முங்கித் தேடினார்கள். கயித்தான் அகப்படவில்லை. பொன்னுதுரையோ அதற்கு வெகு முன்பே பயணிகளை லாஞ்சில் ஏற்றிவிட்டார். “அந்த மனிதன் சுகமா?” என்று துரைசாணி கேட்டாள். “சுகம், அம்மணி. மறுபக்கம் கரையேறிவிட்டான்.” பிரயாணம் முழுவதிலும் இதுவே மிக இன்பமான நாழிகை என்று அவள் ஆபீசின் விருந்தாளிப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுப் போனாள்.

விசாரணைக்குப் போலீஸ் கச்சேரியில் ரிப்போர்ட்டு கேட்டார்கள். பொன்னுதுரை மூன்றே வரி எழுதினார்: கயிற்றைப் பிடித்திருந்தவன் லொஞ்சின், அவனது கவனக்குறைவால் நேர்ந்தது, வேறு எவர்மீதும் குற்றமில்லை.

அந்த மூன்று வரி கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. லொஞ்சின் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தான். எழுத்தில் வந்ததை எதிர்த்து அவன் வாய்ச்சொல் எடுபடவில்லை. கயித்தானின் மனைவி சலேத், கோவில் வாசலில் எல்லாரும் பார்த்திருக்க, ஒரு பிடி மணலை அள்ளி அண்ணன் முகத்தில் எறிந்தாள். “எந்தாலிய நீயே அறுத்தியே” என்றாள். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றவில்லை. அவன் உப்பளத்துக்குப் போய் உப்புச் சுமந்தான்.

சலேத் மணல் எறிந்த நாலாம் நாள் உச்சிவேளையில், பொன்னுதுரை தம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். வாளி தண்ணீரைத் தொட்டது.

கயிறு மூன்று தரம் வெட்டியது.

குனிந்து பார்த்தார். வெயில் நேராக இறங்கிக் கிணற்றின் அடிமணல் வரைக்கும் தெரிந்தது. வாளியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார், கரித்தது.

மறுவாரம் லாஞ்சின் கட்டுக்கயிறு அவர் கையில் துடித்தது. அதற்கடுத்த நாள் கொடிக்கயிறு. காற்று அசையாத நேரம். அவருடைய வெள்ளைக் கோட்டு அதில் மூன்று தரம் குதித்து நின்றது. வீட்டில் பாசியும் அழுகின சிப்பியும் கலந்த வாடை வந்தது. அவர் ஊதுவத்தி கொளுத்தினார், யாரிடமும் சொல்லவில்லை.

கயித்தான் மூழ்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆன ஓர் உச்சிவேளையில், முதல் பேற்றுக்கு வந்திருந்த மகள் ஜெபசெல்வி, மூன்று மாதக் குழந்தையைத் தொட்டிலில் இட்டு, “அப்பா, கொஞ்சம் பார்த்துக்கிடுங்க” என்று சொல்லி அடுக்களைக்குப் போனாள். உத்திரத்தில் கயிறு கட்டிச் சேலையில் போட்ட தொட்டில். பட்டப்பகல், தெருவில் மோர்க்காரி கூவிக்கொண்டு போனாள்.

தொட்டில் கீழ்நோக்கி வெட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

சேலையின் அடி, உள்ளே பெரிய ஆள் ஒருவர் படுத்திருப்பதுபோலத் தொங்கிற்று. அவர் எட்டிப் பார்த்தார். குழந்தை விழித்திருந்தது. அவரையே பார்த்தது. அதன் மார்பு ஏறி இறங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

தூக்கக் கையை நீட்டினார். கை போகவில்லை.

குளிர்ந்த ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

காதோரத்தில் ஈரமான ஒரு மூச்சு. “பொறும். மணி பார்க்கேன்.”

சுவர்க்கடிகாரத்தின் முள்ளை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு எதையும் பார்க்க விடவில்லை அந்தப் பிடி. ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் பிடி தளர்ந்தது. குழந்தை வீறிட்டது. அதன் கடைவாயிலிருந்து வழிந்ததைத் துடைத்து நாவில் வைத்தார், கடல்நீர்.

மறுநாள் உச்சியில் தொட்டிலை அவிழ்த்துவிட்டுக் குழந்தையை மடியிலேயே வைத்திருந்தார். அன்றைக்கு மூச்சு நின்றது இரண்டு நிமிஷம்.

அதற்கும் மறுநாள், விடியற்காலையில், தாம் எழுதியது பொய் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தார்.

“வாரும் ரைட்டரய்யா” என்றான் லொஞ்சின், பாத்திநீரில் நின்றபடி. “இங்கன முத்துக் குளிக்க ஆழம் பத்தாதே.”

“நான் எழுதினது பொய், லொஞ்சின். மாத்தி எழுதிட்டேன்.”

“எனக்கு எழுத்துத் தெரியாது. எந்தங்கச்சிகிட்ட வாசிச்சுக் காட்டும்.”

சலேத் குடிசை வாசலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொன்னுதுரை வாசித்தார், குழந்தைக்கு நேர்ந்ததையும் சொல்லி அழுதார். அவள் கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

“இதை யாருகிட்ட வாசிக்கீரு?”

“உன்கிட்டதான் தாயி. அப்புறம் ஊர் முன்னால.”

“மூச்சு முட்டுனது எனக்கில்லையே. மொதல்ல அவருகிட்டப் போய்ச் சொல்லும். நாலு பாகத்துலதான் இருக்காரு. உம்ம வீட்டைவிடத் தூரமில்ல.”

“எனக்கு முங்கத் தெரியாது.”

“கயிறு புடிக்க ஆள் நிக்குது.”

லொஞ்சின் ஒரு வள்ளத்தைக் கெஞ்சி வாங்கினான். சலேத் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“பொம்பளை வள்ளத்துல ஏறப்பிடாது” என்றான் அவன், கடலைப் பார்த்து.

“துரைசாணி ஏறலாம், நான் ஏறப்பிடாதோ?” என்றாள் அவளும் கடலைப் பார்த்து.

திரும்பியதும் குழந்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று, மகளை அதோடு கரையில் நிற்கும்படி ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டுப் பொன்னுதுரை ஏறினார். முயல் தீவின் ஓரத்தை அடைந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. லொஞ்சின் அவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிந்தான்.

“மூணு தரம் வெட்டி இழும்.”

“நீ... தூக்கிருவியா, லொஞ்சின்?”

அவன் முடிச்சை மறுபடி இழுத்துப் பார்த்தான். சலேத்தான் சொன்னாள்: “அன்னைக்கு அவரு இப்படி ஒரு கேள்வி கேக்கல.”

கல் அவரைக் கீழே கொண்டுபோயிற்று. பச்சை வெளிச்சம். பிறகு சாம்பல் வெளிச்சம். காதில் ஊசி குத்தியது. கால் மணலில் பட்டது. அவர் கொண்டுவந்து போட்ட சிப்பிக் குவியல் போட்ட இடத்திலேயே கிடந்தது.

சிப்பிகள் திறந்தன.

எல்லாம் ஒருசேர மூடின.

மறுபடி திறந்தன, மறுபடி மூடின. மூச்சு வாங்குகிற மனிதனின் மார்பைப்போல, அந்தக் குவியல் முழுவதும்.

பொன்னுதுரை கைகளைக் குவித்தார். என்மேல்தான் குற்றம் என்று நெஞ்சுக்குள் சொன்னார். பிறகு கயிற்றை மூன்று தரம் வெட்டினார்.

கயிறு அசையவில்லை.

மீண்டும் மூன்று தரம். நெஞ்சு எரிந்தது. இடுப்பில் முடிச்சு இறுகிற்று. அந்த வளையத்துக்குள் இன்னொருவர் தலையை நுழைத்து, தோளை நுழைத்து, அவர் முதுகோடு முதுகாகப் பொருந்துவதுபோல இறுகிற்று.

மேலே லொஞ்சின் முதல் வெட்டுக்கே இழுத்திருந்தான். கயிறு வரவில்லை. காலை வள்ளத்தின் பக்கப்பலகையில் ஊன்றி மறுபடி இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

“ஒருத்தர் பாரமில்ல இது” என்று முனகினான்.

சலேத் எழுந்து வந்தாள். அவன் கைக்கு முன்னால் கயிற்றைப் பற்றினாள். நாற்பது நாளில் முதல் தடவையாக அவனிடம் பேசினாள்.

“அண்ணே, இழு.”

இருவருமாக இழுத்தார்கள். பொன்னுதுரை மேலே வந்து, வள்ளத்துக்குள் விழுந்து, கடல்நீரைக் கக்கினார். முடிச்சை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அறுத்தெடுத்த வளையமோ இரண்டு ஆளைச் சுற்றிவரும் நீளம் இருந்தது.

கரையில் வலை உலர்த்துகிறவர்களும் மீன் வாங்க வந்தவர்களும் நின்றார்கள். ஜெபசெல்வியின் தோளில் குழந்தை உரக்க அழுதுகொண்டிருந்தது. பொன்னுதுரை அந்த அழுகையைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, தாள் நனைந்து கூழாகிவிட்டதால், மனப்பாடமாகவே உரக்கச் சொன்னார். துரைசாணியிடம் கயிற்றைக் கொடுத்தது, லொஞ்சினின் கையைப் பிடித்து நிறுத்தியது, பொய் எழுதியது. இதையே இன்றைக்குக் கச்சேரியில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும், அதற்கு என்ன தண்டனையோ ஏற்பதாகவும் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் செருப்பைக் கழற்றினான். மற்றொருவன் வந்து லொஞ்சினின் உரிந்த கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, “நாளைக்கு நம்ம வள்ளத்துக்கு வா” என்றான்.

லொஞ்சின் கரையேறி நின்று தங்கையைத் திரும்பிப் பார்த்தான். வள்ளத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சலேத் பலகையில் சற்று நகர்ந்து, ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். வள்ளம் அந்தப் பக்கமாக மெல்லச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது.