இடது பட்டன்

போன் அடித்தது.

அவன் எடுப்பதற்குள் மனைவி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். திரையில் 'தம்பி' என்று மின்னியது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவனுக்கு இடது கைதான் மணிக்கட்டோடு போயிருந்தது. காது போகவில்லை.

"நீ பயப்படாதே... நான் உன் பக்கம்தான். நீ கோர்ட்டுக்குக் கிளம்பறப்ப சாவிய மட்டும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போ. இவருக்குத் தெரிய வேணாம்."



நாளைக்கு வழக்கு. அந்தத் தம்பிதான் சாட்சி. அதுவும் கம்பெனி பக்கத்துச் சாட்சி!

தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு கீழே இறங்கும். அந்தத் தைரியத்தில், வலது கையைப் பட்டன் மேல் போட்டபடியே இடது கையால் தகட்டைச் சரிசெய்வது எல்லோருக்கும் பழக்கம். அன்று ஷிஃப்ட் மாறி, முதல் தகடு. அவனும் அப்படித்தான் சரிசெய்தான்.

மெஷின் இறங்கிவிட்டது...

இடது பட்டனில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு துண்டை யாரோ செருகியிருந்தார்கள். ஒற்றைக் கையால் வேகமாக வேலை பார்க்கிற திருட்டு வழி.

யார்?

அதற்கு முந்தைய ஷிஃப்டில் அந்த மெஷினில் நின்றவன் மைத்துனன். ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு ஊட்டினான். "என் தலை மேல சத்தியமா நான் இல்ல மாமா" என்று அழுதான். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டு, மெஷின் பக்கத்தில் நிறுத்திப் பழக்கியவன் இவன்தான். எப்படிச் சந்தேகப்படுவான்?

கம்பெனி மைத்துனனைச் சூப்பர்வைசர் ஆக்கிய அன்றுதான் உறைத்தது. துண்டைச் செருகியது இவனே என்று நிரூபித்துவிட்டால் நஷ்டஈடு கிடையாது. மிச்சம் இருக்கிற ஒரு கையை நம்பி எவன் வேலை கொடுப்பான்?

இப்போது பெண்டாட்டியும் அந்தப் பக்கம்!

இரவெல்லாம் அவன் அவளோடு பேசவில்லை. காலையில் கோர்ட்டுக்குத் தனியாகத்தான் போனான்.

கூண்டில் ஏறிய மைத்துனன் இவன் முகத்தையே பார்க்கவில்லை.

"என் கண்ணால பாத்தேங்க. மாமாதான் அந்தத் துண்டைச் செருகினாரு. வேணாம்னு சொன்னேன், கேக்கல."

சத்தியம் செய்த வாய் வேறு, இந்த வாய் வேறா?

அப்போதுதான் மனைவி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. நேராகப் போய்க் கம்பெனிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்தாள். மைத்துனனுக்கு முகம் தெளிந்தது.

இவன் பக்கத்து வக்கீலம்மா எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போலப் பேசினார். செருகும் முன்பே அந்தத் துண்டில் டேப் சுற்றியிருந்ததா என்று கேட்டார். சுற்றித்தான் இருந்தது என்றான். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தாயா, மாமா சொன்னாரா என்றார். இரண்டும் இல்லை என்றான்.

"சரி. ஏதோ ஒரு மரக்கட்டை. அப்படித்தானே?"

மைத்துனன் லேசாகச் சிரித்துவிட்டான்.

"மரக்கட்டையா? மெஷின் அதிர்ற அதிர்வுக்கு அது அப்பவே கழண்டு விழுந்துடும்ங்க. ரப்பர் செருப்போட குதிகாலை வெட்டி வெச்சாத்தான் அசையாம நிக்கும்."

வக்கீலம்மா மேஜை மேலிருந்த சீல் வைத்த பொட்டலத்தைக் காட்டினார்.

"ஐயா, விபத்து நடந்த அன்னிக்கே இன்ஸ்பெக்டர் சீல் வெச்ச பொருள் இது. இதுவரைக்கும் யாரும் பிரிக்கல" என்றார் வக்கீலம்மா.

நீதிபதி பிரிக்கச் சொன்னார். டேப் உரிந்தது. உள்ளே பச்சை ரப்பர். செருப்பின் குதிகால்!

மைத்துனன் வெலவெலத்துப் போனான். "பச்சைச் செருப்பு... ஊர்ல எல்லாரும்தான் போடறாங்க..." என்று இழுத்தான்.

மனைவி எழுந்தாள். துணிப்பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பச்சை. குதிகால் வெட்டப்பட்டிருந்தது. குமாஸ்தா துண்டை அதில் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

"இவன் வீட்டு பாத்ரூம்ல கெடந்ததை முன்னாடியே பாத்திருந்தேங்க. இன்னிக்குப் பக்கத்து வீட்டுல சாவி வாங்கித் தொறந்து எடுத்துட்டு வந்தேன். கிழிஞ்ச செருப்பக்கூடத் தூக்கிப் போட மனசு வராத கஞ்சன். வேலைய எவனாவது தப்பாச் சொன்னாலும் பொறுத்துக்க மாட்டான். மரக்கட்டைனு கேளுங்க, தானே வாயத் திறப்பான்னு வக்கீலம்மாகிட்ட நான்தான் சொன்னேன்."

"அக்கா... என் பக்கம்னு சொன்னியே..."

"நீ இவருக்குச் சத்தியம் பண்ணல?" என்றாள். குரல் உடைந்தது. கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

இவன் அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். இரவெல்லாம் இவளையா சந்தேகப்பட்டோம்!

பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை எடுக்க உத்தரவானது. போலீஸ்காரர் மைத்துனனின் தோளைத் தொட்டார். அவன் இறங்கி வந்து இவன் முன்னால் நின்றான்.

இவன் தன் ஒற்றைக் கையால் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான்.

"ஒத்தக் கையோட நான் சமாளிச்சுக்குவேன் மச்சான். நீதான் பாவம்... ஒத்தச் செருப்போட எப்படி ஜெயிலுக்கு நடக்கப் போறே?"