ஆறு விமானத்தில் எது அம்மா?

விமான விழாவுக்கு வருகிற எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். மிளகின் அப்பா மட்டும் குனிந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் விமானதள அலுவலகத்தில் எழுத்தர். ஆண்டுதோறும் ஐந்து நாள் விழா நடக்கும்போது அவரைக் கருத்துக் கூடாரத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. விழாவில் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று யார் வேண்டுமானாலும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் போடலாம். அந்த வேலைக்கு யாரும் போட்டி போடுவதில்லை. அதனால் ஏழாவது ஆண்டாக அது அப்பாவின் தலையிலேயே விழுந்திருந்தது.

மிளகுக்குப் பத்து வயது. உருவம் சின்னது, பேச்சு காரம். அதனால் வீட்டில் வைத்த பெயர் அது. பள்ளி விடுமுறை என்பதால் அவளும் அப்பாவோடு தினமும் வந்துகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் மாலை அப்பா பெட்டியைத் திறந்தார். மிளகு ஒவ்வோர் அட்டையாகப் படித்தாள். அப்பா அவற்றைப் பிரித்து அடுக்கினார்.

“பிடித்தது: விமானச் சத்தம். பிடிக்காதது: பக்கத்தில் இருந்தவரின் பேச்சுச் சத்தம். இது எதுலப்பா வரும்?”

“மற்றவைல வை.”

“பிடித்தது: பழைய இரட்டை இறக்கை விமானத்தைத் தொட்டுப் பார்த்தது. பிடிக்காதது: தொட்டதற்குத் திட்டியது.”

“அதுவும் மற்றவை.”

“பிடித்தது: என் மனைவி எடுத்த வீடியோ. பிடிக்காதது: கழிவறை வரிசை. நான் அதில் நின்றபோதுதான் எல்லாம் பறந்தது.”

“பாவம். கழிவறைல வை.”

எல்லா அடுக்குகளிலும் உயரமாக நின்றது ‘ஒலிபெருக்கி’ அடுக்குதான். அறிவிப்பு காதில் விழவில்லை, பாதிதான் விழுந்தது, விழுந்த பாதியும் புரியவில்லை என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

அடுத்த அட்டை பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கின. மிளகு முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

“பிடித்தது: எங்க அம்மா. பிடிக்காதது: ஆறு விமானத்தில் எது அம்மா என்று தெரியவில்லை. வேறு யாருக்கோ கை காட்டிவிட்டேன்.”

அப்பா கையை நீட்டினார். “ஒலிபெருக்கில வை.”

“இதுல ஒலிபெருக்கினு இல்லையேப்பா.”

“யார் யார் எந்த விமானத்துல இருக்காங்கனு அறிவிப்பாளர் சொல்லத்தான் சொல்றார். இரைச்சல்ல யாருக்கும் கேக்கல. அப்ப ஒலிபெருக்கிதானே?”

“இத யார் படிப்பாங்க?”

“நான் அறிக்கை எழுதுவேன். அடுத்த மாசம் கமிட்டி கூடும். அடுத்த வருஷ விழாவுல ஏதாவது செய்வாங்க.”

“நாளைக்குக் கடைசி நாளாச்சே.”

“ஆமா,” என்றார் அப்பா.

அந்த ஆறு சிவப்பு விமானங்களை மிளகும் பார்த்திருந்தாள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அம்பு முனைபோல் வரிசை கட்டி, வெள்ளைப் புகை விட்டபடி தலைக்கு மேலே போகும். இறக்கையில் எண் உண்டாம். தரையிலிருந்து பார்த்தால் எறும்பு அளவுகூடத் தெரியாது. அதில் ஏதோ ஒன்றைப் பார்த்து ஒரு பிள்ளை கையை ஆட்டியிருக்கிறது. பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. அதை நினைத்தபோது மிளகுக்கு என்னவோபோல் இருந்தது.

“அப்பா, இந்த அட்டைய நான் வச்சுக்கட்டுமா?”

“அது ஆபீஸ் காகிதம்.”

“நாளைக்குக் குடுத்துடறேன்.”

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “மடிக்காம வச்சுக்கோ.”

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பே, மிளகு அறிவிப்பாளரின் மேடைக்குப் போனாள். ஆறு படி ஏறினால் ஒரு மேசை, மைக், வெந்நீர்க் குடுவை. அவர் தண்ணீர் கேட்டால்கூட ஊருக்கே அறிவிப்பதுபோல் இருக்கும். அப்படி ஒரு குரல் அவருக்கு.

“சார், ஒரு புகார்.”

“என் குரலப் பத்தியா?”

“இல்ல சார். உங்க குரல் கேக்கவே இல்லையாம்.”

“அதுவும் என் குரலப் பத்தினதுதானேம்மா?”

மிளகு அட்டையை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். “நான் சொன்னேனே. விமானம் தலைக்கு மேல வரும்போது, வலது ஓரம் யாரு, இடது ஓரம் யாருனு பேரோட சொன்னேனே.”

“கீழ வந்து நின்னு கேட்டுப் பாருங்க சார்.”

அந்த நேரம் ஒரு சரக்கு விமானம் ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் மைக்கை உதவியாளரிடம் கொடுத்தார். “நான் பேசற மாதிரியே பேசு. முடிஞ்ச வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். பார்வையாளர்கள் நிற்கிற கயிறுவரை இருவரும் நடந்தார்கள்.

விமானம் எழும்பித் தலைக்கு மேலே வந்தது. ஒலிபெருக்கி பேசியது. “இப்போது... ர்ர்ர்ர்... பெருமையுடன்... ர்ர்ர்ர்ர்... நன்றி.”

“நன்றி நல்லா கேட்டுச்சு சார்,” என்றாள் மிளகு.

அறிவிப்பாளரின் முகம் தொங்கிவிட்டது. “பதினாறு வருஷமா நான் நன்றி மட்டுந்தான் சொல்லிட்டிருக்கேனா?”

இருவரும் கயிற்றோரமாகவே நடந்தார்கள். பிறகு அவரே சொன்னார்: “சரி. விமானம் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். வலது யாரு, இடது யாருனு.”

மிளகு இரண்டு கைகளையும் இறக்கைபோல் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். திரும்பி அவரைப் பார்த்து வந்தாள். “இப்ப என் வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?”

“இடப்பக்கம்.”

“அதான் சார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மாறிடும். சின்னப் பிள்ளைங்களுக்குக் குழம்பிடும்.”

“பெரியவங்களுக்கும்தான்,” என்றார் அவர்.

மிளகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். ஒரே நிறம். ஒரே உருவம். அவளுடைய வகுப்பு அவளுக்கு நினைவு வந்தது.

“சார், எங்க கிளாஸ்ல நாப்பது பேர். எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம். புது டீச்சர் வந்தா யார் யாருனு எப்படித் தெரிஞ்சுப்பாங்க?”

“எப்படி?”

“வருகைப் பதிவு எடுப்பாங்க. பேர் கூப்பிட்டதும் எழுந்து நின்னு உள்ளேன் டீச்சர்னு சொல்வோம்.”

“விமானம் எப்படிம்மா எழுந்து நிக்கும்?”

“அதான் புகை விடுதே சார். ஒண்ணொண்ணா விட்டா போதும்.”

அறிவிப்பாளர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு, “வா என்கூட,” என்றார்.

விமானக் கொட்டகையில் ஆறு விமானிகளும் நீல உடுப்பில் ஒரு மேசையைச் சுற்றி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அணித் தலைவர் வழுக்கைத் தலையர். அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“கடைசி நாள்ல பறக்கற வரிசைய மாத்த முடியாது. ஒரு அடி தள்ளினாக்கூட ஆபத்து.”

“வரிசைய மாத்த வேணாம் சார்,” என்றாள் மிளகு. “புகைய மட்டும் மாத்தினா போதும்.”

தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். “மொதல்ல நேரா வரும்போது ஆறு பேரும் ஒண்ணாத்தான் புகை விடறோம். அத ஒவ்வொருத்தரா விடலாம். நான் ரேடியோவுல எண் சொல்லணும், அவங்க பொத்தான அழுத்தணும். அவ்வளவுதான். ஆமா, அந்த அட்டை எங்க?”

அட்டை கை மாறிக் கை மாறிப் போனது. ஐந்தாவது கையில் நின்றுவிட்டது. அது ஒரு பெண் விமானியின் கை.

“என் பையன் எழுத்து,” என்றார் அவர். “அம்மாங்கற வார்த்தைல எப்பவும் ரெண்டு புள்ளி வைப்பான். ஒண்ணு பத்தாதாம்.”

அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

“நேத்து வீட்டுக்குப் போனதும் கேட்டேன். பாத்தேம்மா, நீங்கதான் நல்லா பறந்தீங்கனு சொன்னான். நானும் நம்பிட்டேன்.”

தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப உங்க புகையவே மொதல்ல விடச் சொல்லிடலாம்.”

“வேணாம் சார். நான் நாலாம் எண். நாலாவதாவே வரேன். அவனுக்கு எண்ணத் தெரியும்.”

“வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க ஆன்ட்டி,” என்றாள் மிளகு.

“போன் பண்ணினா, அட்டைய நான் பாத்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். என் மனசு கஷ்டப்படக் கூடாதுனுதான மறைச்சிருக்கான். அது அப்படியே இருக்கட்டும். நீ எல்லாருக்கும் தெரியற மாதிரி எங்கயாவது எழுதி வையேன். அவனே படிச்சுக்கட்டும். கயிறுக்குப் பக்கத்துலதான் நிப்பான்.”

பிறகு அவர் சற்றுத் தயங்கினார். “இந்த அட்டைய நான் வச்சுக்கலாமா?”

“அது ஆபீஸ் காகிதம் ஆன்ட்டி,” என்று ஆரம்பித்த மிளகு, அவர் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். “வச்சுக்கோங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

கூடாரத்தில் அப்பா முதலில் கேட்டதே அதைத்தான். “அட்டை எங்க?”

“சேர வேண்டியவங்ககிட்ட சேந்துடுச்சுப்பா.”

நடந்ததையெல்லாம் மிளகு சொன்னாள். அப்பா பதிவேட்டைத் திறந்து, அந்த அட்டைக்கு நேரே ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

“ஏழு வருஷத்துல இந்த வரிய நான் எழுதறது இதான் மொத தடவை,” என்றார்.

கயிறு மிக நீளமாக இருந்தது. ஒரு பலகை போதாது. அப்பாவின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்பதால் நான்கு பலகைகளிலும் அவரே எழுதினார். ‘சிவப்பு விமானங்களின் வருகைப் பதிவு. புகையை எண்ணுங்கள்’ என்பது தலைப்பு. அதன் கீழே ஒன்றிலிருந்து ஆறுவரை விமானிகளின் பெயர்கள். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி மிளகு எல்லாவற்றையும் தாழ்வாகக் கட்டினாள்.

பிற்பகலில் கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, “புகைய எதுக்கு எண்ணணும்?” என்று கேட்டார்.

“எண்ணினா தெரியும் சார்,” என்றாள் மிளகு. அதற்கு மேல் பேச அவளுக்கு நேரமில்லை. அந்தப் பையன் யார் என்று தேடிக்கொண்டிருந்தாள். கயிற்றோரம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நின்றார்கள். ஒருவன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருவன் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஒருவேளை இன்றைக்கு வராமலே இருந்துவிட்டால்?

விமானங்கள் கிளம்புவதற்கு முன்பே அறிவிப்பாளர் ஆறு பெயர்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு ஓடுபாதையின் கோடியில் இரைச்சல் எழுந்தது.

ஆறு சிவப்பு விமானங்கள் அம்பு முனைபோல் நேராக வந்தன. புகை இல்லை. கூட்டம் காத்திருந்தது.

முன்னால் வந்த விமானத்தின் வாலிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு நீண்டது. நின்றது.

“உள்ளேன்,” என்றது எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது விமானத்திலிருந்து ஒரு கோடு. இப்போது பத்துப் பதினைந்து குரல்கள், “உள்ளேன்.”

மூன்றாவதுக்குப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான்காவது விமானம் புகை விட்டபோது மிளகு வானத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள். இரண்டாவது பலகைக்குப் பக்கத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். அவனுடைய ஒரு விரல் பலகையில் நான்காவது பெயரின் மேல் இருந்தது. அவன் மட்டும் உள்ளேன் என்று கத்தவில்லை. பலகையிலிருந்து விரலை எடுத்து, மெல்ல வானத்துக்கு உயர்த்தினான். அவனுடைய உதடு மட்டும் அசைந்தது. பிறகு கை முழுவதையும் வீசி ஆட்டினான்.

ஐந்தாவது, ஆறாவது புகையும் வந்து போயின. விமானங்கள் சாய்ந்து திரும்பின. வலது இடதானது. மேலே ஏறின, கவிழ்ந்தன, பிரிந்து மறுபடி சேர்ந்தன. பையனின் விரல் ஒரே விமானத்தை விடாமல் துரத்திக்கொண்டே போனது. மிளகு அவன் அருகில் வந்து நின்றாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை.

அவனுடைய அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வெயில் சுடுது. நிழலுக்குப் போயிடலாமாடா?”

“இருங்கப்பா,” என்றான் பையன், கண்ணை எடுக்காமல். “அம்மா இன்னும் எறங்கல.”