ஓர் எழுத்தும் ஆறு சதுக்கங்களும்

பெர்னடெற்றிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அதைத் திருத்தப் போய்விடுவாள்.

“மாக்கட்டுக்குப் போட்டு வாறன்” என்று அப்பா கிறிஸ்துராஜா கிளம்புவார்.

“மாக்கட் இல்லை அப்பா, மார்க்கெட். நடுவிலை ‘ர்’ இருக்கு.”

“சரி. பாக்கிங் மார்க்கெட்டுக்குப் போட்டு வாறன்.”

“பார்க்கிங்! அந்த ஊர்ப் பெயரிலையும் ‘ர்’ இருக்கு.”

“உந்த ‘ர்’ இல்லாமலே நான் ஆறு வருசமா லண்டனிலை சீவிக்கிறன், பிள்ளை!”

அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். பெர்னடெற் சிரிக்க மாட்டாள். அவளும் அம்மாவும் லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பத்து வயதுக்குள் அவள் வகுப்பிலேயே ஸ்பெல்லிங்கில் முதல் ஆளாகிவிட்டாள். ஆகவே வீட்டில் உள்ளவர்களைத் திருத்துவது தன் கடமை என்று உண்மையாகவே நம்பினாள்.

அது 1992ஆம் ஆண்டின் கோடைகாலம். ஒரு புதன்கிழமை மாலை தொலைபேசி அடித்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து அறையில் குடியிருந்த பாலாம்பிகை அன்ரி சமைத்துக்கொண்டிருந்தார். பெர்னடெற் ஓடிப்போய் எடுத்தாள்.

“பிள்ளை, நான் டொலறஸ் சின்னம்மா! பாரிசிலையிருந்து கதைக்கிறன். காசு முடியப்போகுது, கெதியா எழுது. சனிக்கிழமை எங்கட மாதா கோயில் ஆக்களோடை பஸ்ஸிலை லண்டனுக்கு வாறன். ரெண்டு மணிக்குக் கோடன் ஸ்குவயரிலை நிப்பன். நாலு மணிக்குப் பஸ் திரும்பியிடும். அம்மாவைக் கட்டாயம்...”

‘கீக்’ என்றொரு சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பெர்னடெற் கடதாசியில் எழுதினாள்: ‘சனி, 2 மணி, கோடன் ஸ்குவயர்’. எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தாள். கோடனா? அப்படி ஒரு சொல்லை அவள் ஸ்பெல்லிங்கில் படித்ததில்லையே.

அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ‘ல்’ என்ற எழுத்தைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். ‘மில்க்’ என்பது அவர்கள் வாயில் ‘மிவ்க்’ ஆகிவிடும். சின்னம்மாவும் அப்படித்தான் விழுங்கியிருப்பார் என்று பெர்னடெற் முடிவு கட்டினாள். கோடனுக்கு நடுவில் ஒரு ‘ல்’ போட்டாள். கோல்டன். பொன்னான சதுக்கம்! அப்பாவின் தடித்த லண்டன் வரைபடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். கோல்டன் ஸ்குவயர் என்று ஓர் இடம் இருக்கத்தான் இருந்தது.

அம்மா வேலையால் வந்து செய்தியைக் கேட்டதும் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ர தங்கச்சியைக் கண்டு ஏழு வருசம், பெர்னடெற். அவள் போகேக்கை உனக்கு மூண்டு வயசு. அவளுக்குப் பதினைஞ்சு.”

சின்னம்மா அகதியாகப் பிரான்சுக்குப் போனவர். எல்லை தாண்டிப் போய்வர அவருக்கு இப்போதுதான் கடதாசி கிடைத்திருந்தது. அதுவும் இந்த ஒரு பயணத்துக்குத்தான். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை அப்பாவுக்கு ஷிப்ட். அம்மாவும் பெர்னடெற்றும் கிளம்பினார்கள். அம்மா புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார். பெர்னடெற் வரைபடப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலில் வந்தது ட்ரஃபால்கர் சதுக்கம். நான்கு பெரிய சிங்கங்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன. பிள்ளைகள் அவற்றின் முதுகில் சறுக்கி விளையாடினார்கள். ஒரு புறா அம்மாவின் தலையில் வந்து உட்கார்ந்தது.

“அம்மா, அசையாதேங்கோ! எவ்வளவு வடிவு!”

“வடிவு இருக்கட்டும். நட, பிள்ளை” என்றார் அம்மா. புறாவோடேயே நாலடி நடந்தார்.

அடுத்தது லெஸ்டர் சதுக்கம். மரத்தடியில் வரிசையாக ஓவியர்கள் இருந்து, போகிறவர் வருகிறவர் முகங்களை வரைந்தார்கள். அம்மா அதையும் பார்க்கவில்லை.

கோல்டன் சதுக்கத்துக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். சின்ன இடம். நாலு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். நடுவில் பூப்பாத்திகள், உட்கார வாங்குகள், போர்வை சுற்றினாற்போல் நின்ற ஒரு கல் ராஜா. பெயரில் இருந்த பொன்னை அங்கே எங்கும் காணவில்லை. ஆனால் அமைதியான, அழகான இடம்.

இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. சதுக்கத்துக்குள் யார் வந்தாலும் அம்மா எழுந்து நின்றார். ஒரு பெண்ணிடம் “டொலறஸ்?” என்று கேட்டேவிட்டார். அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு, அன்பாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

மூன்று மணியும் ஆனது.

“பஸ் பிந்தியிருக்கும், அம்மா” என்றாள் பெர்னடெற். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அம்மா வாங்கில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. “கால் கடுக்குது, பிள்ளை. இந்தப் பாக்கிலை இன்னும் கொஞ்சம் இருந்திட்டு வீட்டை போவம்.”

“பாக் இல்லை அம்மா, பார்க். நடுவிலை ‘ர்’ இரு...”

பெர்னடெற்றின் வாய் திறந்தபடியே நின்றது.

அம்மா பாக் என்றால் அது பார்க். அப்பா மாக்கட் என்றால் அது மார்க்கெட். வீட்டில் எல்லோரும் விழுங்குவது ‘ர்’ என்ற எழுத்தைத்தான். ‘ல்’லை அவர்கள் ஒருநாளும் விழுங்கியதில்லையே! அப்படியானால் சின்னம்மா சொன்ன கோடன்?

வரைபடப் புத்தகத்தின் கடைசியில் இருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினாள். கோல்டன் ஸ்குவயருக்குக் கொஞ்சம் கீழே அது இருந்தது. கோர்டன் ஸ்குவயர்.

“அம்மா...” அவள் புத்தகத்தை நீட்டிக் காட்டினாள். “அந்த ‘ல்’ சின்னம்மா சொன்னதில்லை. நான் போட்டனான். இது பிழையான இடம்.”

அம்மா அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அம்மா மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். மூன்று பத்து.

“ஏலாது, பிள்ளை. நாங்கள் போறதுக்குள்ளை பஸ் போயிடும்.”

“இஞ்சை இருந்தாலும் போயிடும்தானே, அம்மா? நடந்து பாப்பம். எனக்கு வழி தெரியும். எழும்புங்கோ!”

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து புதுச் சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இதோடை நடந்தால் கிறிஸ்மசுக்குத்தான் போய்ச் சேருவம். நட!”

லண்டன் மாநகரத்தின் நடுவே, வெறுங்காலோடு ஓர் அம்மாவும் வரைபடப் புத்தகத்தோடு ஒரு மகளும் விறுவிறு என்று நடந்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். அதற்கெல்லாம் வெட்கப்பட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

சோஹோ சதுக்கம் வந்தது. புல்தரையின் நடுவே பொம்மை வீடு போல ஒரு குட்டி வீடு. வெயில் காய்கிறவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். பிறகு ஒக்ஸ்ஃபோர்ட் வீதி. அங்கே சனிக்கிழமைக் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி நெரிந்தது. பெர்னடெற் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ” என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே வழி உண்டாக்கினாள்.

பெட்ஃபோர்ட் சதுக்கம் எல்லாவற்றிலும் வடிவானது. கறுத்த செங்கல் வீடுகள் ஒரே உயரத்தில், ஒரே ஒழுங்கில் நின்றன. நடுவில் பெரிய மரங்கள் நிறைந்த வட்டத் தோட்டம். அதற்குள்ளால் குறுக்கே போய்விடலாம் என்று பெர்னடெற் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் படலையில் பெரிய பூட்டுத் தொங்கியது. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை சொன்னது.

“மரத்துக்கும் பூட்டோ?” என்றார் அம்மா மூச்சு வாங்கியபடி.

சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் ஒரு நீண்ட தெரு. எவ்வளவு நடந்தாலும் முடியாத தெரு. மூன்று நாற்பத்தைந்து. பெர்னடெற்றுக்கு அழுகை வரப் பார்த்தது. அழுதால் வரைபடம் தெரியாது என்று அதை அடக்கிக்கொண்டாள். எதிரே ஒரு பெரியவர் நாயோடு வந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டாள்.

“கோடன் ஸ்குவயரா? அடுத்த தெருவில் வலது பக்கம் திரும்பு, கண்ணே. கிட்டத்தான்.”

கோடன்! சின்னம்மா சொன்ன அதே மாதிரி, ‘ர்’ இல்லாமல், அச்சு அசலாகக் கோடன். பேச்சைக் கேட்டால் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்! பெர்னடெற்றின் முகம் குப்பென்று சூடாகியது. ஆனால் நின்று வெட்கப்படுவதற்கு அப்போதும் நேரம் இல்லை.

வலது பக்கம் திரும்பினார்கள். மரங்கள் தெரிந்தன. கம்பி வேலி தெரிந்தது. வேலி ஓரமாக ஒரு பெரிய வெள்ளை பஸ் இயந்திரம் உறும நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பெர்னடெற் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே அடித்தொண்டையால் கத்தினாள்.

“டொலறஸ் சின்னம்மா!”

மூன்று பேர் திரும்பினார்கள். ஒருவர் நரைத்த முடியோடு ஊன்றுகோல் வைத்திருந்த மூதாட்டி. ஒருத்தி ஐஸ்கிரீம் ஒழுக நின்ற ஆறு வயதுப் பிள்ளை. மாதா கோயில் ஆட்களின் பஸ் அல்லவா? அதில் மூன்று டொலறஸ் இருந்தார்கள்.

மூன்றாவது டொலறஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெர்னடெற்றைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்த பெண்ணைத்தான் பார்த்தார்.

“அக்கா!”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“எவ்வளவு வளர்ந்திட்டாயடி!”

“ஏனக்கா வெறுங்காலோடை வாறாய்?”

“ரெண்டு மணியிலையிருந்தா நிக்கிறாய்?”

“எல்லாரும் அரண்மனை பாக்கப் போச்சினம். நான் இந்த வேலியை விட்டு அசையேல்லை.”

பஸ்ஸின் படியில் கண்ணாடி போட்ட ஒருவர், பெயர்ப் பட்டியலோடு நின்றார். அவர்தான் பயணத்தை நடத்தும் செபஸ்தியாம்பிள்ளை. “டொலறஸ், ஏறு பிள்ளை. இன்னும் ஆறு நிமிசம்தான். பஸ் பிந்தினால் டோவரிலை பிரான்சுக் கப்பலை விட்டிடுவம். பாவம்தான், நான் என்ன செய்யிறது?”

அம்மா சின்னம்மாவின் கையை விடவில்லை. ஏழு வருடத்துக்கு ஆறு நிமிடம் என்பது கொஞ்சமும் நியாயமில்லை என்று பெர்னடெற்றுக்குத் தோன்றியது. இவ்வளவு தூரம் ஓடி வந்தது ஆறு நிமிடத்துக்காகவா? ஆனால் கப்பலும் காத்திருக்காது.

அவள் படியின் அருகே போனாள்.

“ஐயா, டோவருக்கு எந்த வழியாலை போவியள்?”

“ஏன் கேட்கிறாய்? காலமை வரேக்கை லூயிஷாமுக்குள்ளாலைதான் வந்தது. அதாலைதான் திரும்பிப் போறது.”

பெர்னடெற் வரைபடத்தில் விரலை வைத்தாள். ஆறு, பாலம், பெரிய தெரு, பிறகு லூயிஷாம். விரல் நெடுந்தூரம் போனது. சனிக்கிழமை பின்னேரம், எல்லாத் தெருவிலும் கார். அவளுக்கு உற்சாகம் பொங்கியது.

“பஸ்ஸிலை சீற் இருக்கா, ஐயா?”

“கடைசியிலை அஞ்சு சீற் வெறுமையாக் கிடக்கு.”

“அப்ப அம்மாவும் நானும் லூயிஷாம் வரைக்கும் வாறம். அங்கை ரெயில் ஸ்ரேசன் இருக்கு. இறங்கி வீட்டை போயிடுவம். உங்களுக்கு ஒரு நிமிசமும் பிந்தாது.”

செபஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி அவளை வடிவாகப் பார்த்தார்.

“பஸ் காத்து நிக்காது எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். நீ காத்து நிக்கச் சொல்லேல்லையே!” என்றார். பிறகு சாரதியிடம் பிரெஞ்சு மொழியில் என்னவோ சொன்னார். சாரதி பெர்னடெற்றைப் பார்த்துக் கண்ணடித்து, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சரியாக நான்கு மணிக்குப் பஸ் புறப்பட்டது. கடைசி வரிசையில் அம்மாவும் சின்னம்மாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே லண்டன் நகர்ந்தது. இருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் கோடன் எண்டுதானே சொன்னனான், பிள்ளை?” என்று சின்னம்மா திடீரென்று கேட்டார்.

“ஓம், சின்னம்மா. நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். நான்தான் திருத்திப்போட்டன்.”

சின்னம்மா சிரித்து, எட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு மறுபடியும் அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது. பெர்னடெற் எழுந்து முன்னால் போய்ச் சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கையில் அமர்ந்தாள்.

பாலத்தடியில் ஒரே நெரிசல். பஸ் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. செபஸ்தியாம்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தார். கப்பலுக்கு இன்னும் போதிய நேரம் இருக்கிறது என்று சாரதி அவரைச் சமாதானப்படுத்தினார்.

எதிரே சிவப்பு விளக்கு விழுந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பெர்னடெற் மட்டும் கைதட்டினாள்.