கோவில் ஆல்பத்தில் அமலியின் படம்

"இதை யாரு போட்டது மதினி?"

பால் பொங்கும் நேரத்தில் அமலி செல்போனை நீட்டியபடி அடுக்களைக்குள் வந்து நின்றாள். தலையில் கட்டியிருந்த துணி நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. சுகிர்தம் அடுப்பை அணைத்தாள்.

ராயப்பன்பட்டிக் கோவிலின் படங்களைப் பதினோரு வருஷமாகப் பாதுகாத்து வருபவள் சுகிர்தம். ஞானஸ்நானம், புதுநன்மை, தேர்ப் பவனி என்று தேதிவாரியாகப் பிரித்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வீட்டிலும் மற்றதைப் பங்குச் சாமியார் தங்கும் பங்களாவிலும் வைத்திருந்தாள். போன வருஷ மழையில் பங்களா கம்ப்யூட்டர் நனைந்து வீணானபோதும் ஒரு படம் தொலையவில்லை. செல்போனில் பார்ப்பதற்கு இரண்டு ஆல்பம். 'கோவில்' ஊருக்கு, 'வீடு' குடும்பத்துக்கு மட்டும்.

அமலி அவள் கணவன் இன்னாசியின் தங்கை. புற்றுநோய்க்கு மதுரையில் ஊசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தாய் வீட்டில் வந்து படுப்பவள். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொட்டைத் தலையோடு இருந்த படம், 'வீடு' ஆல்பத்திலிருந்து இரவோடு இரவாக 'கோவில்' ஆல்பத்துக்குள் வந்திருந்தது.

விடியற்காலையிலேயே அதைக் கண்டு சுகிர்தம் நீக்கிவிட்டாள். சேர்த்தவர் பெயர் ஆல்பத்தைப் பராமரிக்கும் அவளுக்கு மட்டும் தெரிந்தது. சாராள்... அவள் மாமியார், அமலியின் தாய்! ஆனால் அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள்; யாரோ அதை அமலியின் செல்போனுக்கே அனுப்பியும் இருந்தார்கள்.

"மூணு பேரு போன் பண்ணி அழுகுறாக! மூடி மூடி வச்சேனே... ஒங்களத்தான மதினி நம்புனேன்!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சாராளின் கை நின்றது. அவள் வாய் திறக்கும் முன் சுகிர்தம் முந்திக்கொண்டாள்.

"என் கை தவறிருச்சு அமலி... மன்னிச்சிரு."

சத்தம் கேட்டு வந்த இன்னாசிக்கு முகம் சிவந்தது. "இனிமே கோவில் போட்டோவத் தொடாத. டிஸ்கச் சாமியார்ட்டயே குடுத்துரு!"

அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

மதியம் சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு ஆத்தா எம் பழிய நீ சுமக்குற?"

"இன்னும் நாலு ஊசி பாக்கி இருக்கு அத்தே. ஒங்க மேல கோவிச்சுக்கிட்டா அவ யாரு மடியில வந்து படுப்பா? என்மேல கோவிச்சா ஒண்ணும் கெட்டுப் போகாது."

இரண்டு நாள் அமலி அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சுகிர்தம் டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பியபோது, சாராள் வாசலை மறித்தாள்.

"ஏலே இன்னாசி! அமலி! இங்கன வாங்க! அந்தப் படத்தப் போட்டது நானு! ஊரே செபம் பண்ணா மாதா கண்ணத் தொறப்பான்னு போட்டேன்... நீ என்னைய வெறுத்துறக் கூடாதுன்னு இவ பழிய ஏத்துக்கிட்டா. நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேனே, பாவி!"

இன்னாசி தலை குனிந்தான். டிஸ்கைச் சுகிர்தத்தின் கையிலிருந்து மெல்ல வாங்கி அலமாரியில் வைத்தான். "ஒன்னயத் தவிர யாரு இதப் பாப்பா..."

அமலி தாயைப் பார்த்தாள். "சத்தம் போட எனக்குத் தெம்பில்லம்மா... இனிமே என்னையக் கேட்டுப் போடு."

பிறகு சுகிர்தத்தின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ரெண்டு நாளா எப்படி மதினி தாங்குனீக?"

சுகிர்தம் அந்த மொட்டைத் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து இறுக அணைத்துக்கொண்டாள்.