நான்கு கட்டை நெருப்பு

முதல் சோளக் கதிர்களைச் சுமந்துகொண்டு லோச்சா குடிசைக்கு வந்தபோது, சதுப்புக்காட்டு மேட்டில் இருந்த அத்தனை பெண்களும் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று புதுச்சோளத் திருநாள். பழைய நெருப்பு ஊரில் ஒரு பொறிகூட மிஞ்சக் கூடாது. அதன் பிறகுதான் மைதானத்தில் புது நெருப்பைக் கடைவார்கள். கொலைப்பழி ஒன்றைத் தவிர, அந்த வருஷத்துக் குற்றமெல்லாம் அதோடு தீர்ந்துவிடும்.

அவள் அடுப்பில் நான்கு கட்டைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல் தலையோடு தலை சேர்ந்து கிடந்தன. நான்கையும் பிரித்து இழுத்துப் போட்டாள். கட்டை பிரிந்தால் நெருப்பு சாகும், இது குழந்தைக்கும் தெரியும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதிர்களை அடுக்கத் திரும்பினாள்.

சர்ர்ர்...

மண்ணில் மரம் இழுபடும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். நான்கு கட்டைகளும் மறுபடி சேர்ந்திருந்தன. நடுவிலிருந்து மெல்லிய புகை நேராக மேலே போனது. ஈர ஓக் மரத்தின் புளித்த வாடை.

அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தின் கடைசியில் ஜார்ஜியாவிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளம் எல்லை தாண்டி, செவ்விந்திய ஊர்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டு வந்தது. மண் என்னவோ ஸ்பெயின் ராஜாவுடையதாம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாலும் அந்த ராஜா வந்திருக்கமாட்டான். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் நெருப்பு மூட்டக் கூடாது என்பது தலைவரின் கட்டளை. அக்காள் மகள் தாஃபோவுக்கு ஐந்து வயது, உடம்பு அனலாய்க் கொதித்தது. "சின்னம்மா, குளிருது" என்றாள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலையில் லோச்சா கொஞ்சமாக நெருப்பு மூட்டினாள். பிள்ளையின் நடுக்கம் நின்றதும் அணைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். நெருப்புதான் அணைந்தது, ஈரக் கட்டை புகைந்துகொண்டே இருந்தது. ஓடைக்கரையில் நிற்கும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஏழு பேர் செத்தார்கள், அக்காளும் தாஃபோவும் சேர்த்து.

பட்டாளத்துக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று பழி குவாக்கோ மேல் விழுந்தது. ஜார்ஜியாவில் அடிமையாக இருந்து தப்பி வந்து, பத்து வருஷமாக இவர்களோடு சோளம் விதைக்கிறவன். அன்று உப்பு வாங்கப் போயிருந்தான், வெள்ளைக்காரர் பேச்சும் தெரியும். போதாதா? இன்று புது நெருப்புக்கு முன்பே அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தப் போகிறார்கள். அங்கே அடிமை பிடிப்பவர்கள் காத்திருந்தார்கள். லோச்சாவுக்கு எல்லாம் தெரியும். ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை.

மறுபடி கட்டைகளைப் பிரித்தாள். சேற்றை அள்ளி அப்பினாள்.

"என்னடி லோச்சா, புது நெருப்பு வர்றதுக்குள்ள கஞ்சி காய்ச்சிடலாம்னு பாக்குறியா?" பக்கத்துக் குடிசைக்காரி சிரித்தாள். "உன் ஒருத்தி அடுப்புக்காக ஊரே காத்துக்கிட்டிருக்கு."

கட்டை நகர்ந்தது.

இந்த முறை கண்ணெதிரே.

கட்டைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் மண்ணில் சின்னச் சின்னக் குதிகால் பள்ளங்கள் விழுந்தன, யாரோ முக்கி முக்கித் தள்ளுவது போல.

"சின்னம்மா..."

லோச்சா ஓடினாள்.

மைதானத்தில் குவாக்கோவின் கையைக் கட்டியிருந்தார்கள். கயிறு தாஃபோவின் தகப்பன் நோகோசியின் கையில்.

"உப்பு வாங்கத்தான்யா போனேன். எத்தன தடவ சொல்றது?" என்றான் குவாக்கோ. "அந்த உப்பத்தான நீங்களும் கஞ்சில போட்டுக் குடிச்சீங்க?"

திருநாளன்று பெண்கள் அந்த மைதானத்தை மிதிக்கக் கூடாது. லோச்சா மிதித்தாள்.

"அத்தான், அவர விடுங்க. நெருப்பு மூட்டினது நான். அந்தப் புகையப் பாத்துத்தான் வந்தாங்க."

நோகோசியின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"எதுக்கு மூட்டின?"

"பாப்பா குளிருதுன்னா அத்தான்."

கத்தி வெளியே வந்தது. அதைக்கொண்டு கயிற்றை அறுத்தான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் மூட்டித்தான் இருப்பேன்" என்றவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குவாக்கோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "அஞ்சு மாசம், தங்கச்சி" என்றான். அதைவிட அவன் அறைந்திருக்கலாம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனே பழி கேட்காதபோது ஊரும் கேட்கவில்லை. அவள் அடுப்பைப் பார்க்கப் போனவர்கள் அணைந்துவிட்டதாக வந்து சொன்னார்கள். புது நெருப்பைக் கடைந்தார்கள். தலைவர் அவள் பங்கு நெருப்பையும் கொடுத்தார்.

குடிசையில் நான்கு கட்டைகளும் திசைக்கொன்றாகக் கிடந்தன, ஈரமாக, செத்துப்போய். லோச்சாவுக்கு மூச்சு வந்தது. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புதுக் கட்டைகள் நான்கை வைத்தாள். நடுவில் புது நெருப்பை இட்டாள். கட்டைகளைச் சேர்க்கக் கை நீட்டினாள்.

அதற்குள் அவை சேர்ந்துவிட்டன.

"சின்னம்மா, குளிருது."

ஊர் மன்னித்துவிட்டது. பிள்ளைக்குத்தான் இன்னும் குளிர் விடவில்லை.

லோச்சா இந்த முறை ஓடவில்லை. அழுதுகொண்டே ஒரு கட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அவள் கைமேல் ஒரு சின்னக் கை, ஓடைத் தண்ணீர் போலச் சில்லென்று, வந்து அழுத்தியது.