குளம்புக்கு அடியில் ஒரு கண்

தாடை ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

இரீனி பிளாஸ்டிக் தாளை மறுபடியும் சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். ஓவியத்தின்மேல் இப்படியொரு கண்ணாடித் தாளை விரித்து ஒவ்வொரு கோட்டையும் விரிசலையும் பிரதியெடுத்துக்கொண்ட பிறகுதான் சீரமைப்பவர்கள் சுத்தம் செய்யும் பஞ்சையே தொடுவார்கள். குதிரையின் கால்கள் பொருந்தின. அதன்மேல் அமர்ந்திருந்த புனிதரின் ஈட்டி பொருந்தியது. குளம்புக்கு அடியில் கிடந்த தீயவனின் முகம் மட்டும் பொருந்தவில்லை. மூன்று நாளில் மூன்றாவது முறை.

"சை!" பென்சில் தரையில் விழுந்து உருண்டது.

நாளை காலை ஆயர் வருகிறார். இந்தப் பிரதிகள் சுவரோடு ஒத்துப்போனால் இந்த எழுநூறு வருட ஓவியம் பிழைக்கும். இல்லையென்றால், ஊரார் அபூனா என்றழைக்கும் பங்குத்தந்தையின் மருமகன் வெள்ளையடித்து, அதன்மேல் பளபளவென்று புதிதாக ஒன்றை வரைந்துவிடுவான். அவனுடைய பெயிண்ட் வாளி இப்போதே வாசல் தூணருகே வந்து காத்திருந்தது.

இங்கத்திய ஓவியர்களுக்கு ஒரு விதி உண்டு. நல்லவர்கள் நம்மை நேராக, இரண்டு கண்களாலும் பார்ப்பார்கள். கெட்டவனுக்குப் பக்கவாட்டு முகம், ஒரே கண். கும்பிட வந்தவரின் பார்வையும் அவன் பார்வையும் கலந்துவிடக் கூடாது. அந்த ஒற்றைக் கண்ணையும் ஊர்ப் பெண்கள் சாவியால் சுரண்டிச் சுரண்டிக் குழியாக்கியிருந்தார்கள். போன வாரம் இரீனி அந்தக் குழியைச் சுண்ணச்சாந்தால் நிரப்பி, மேலே மயிரிழைக் கோடுகளை நெருக்கமாக அடுக்கினாள். கிட்டே போனால் வெறும் கோடுகள். நாலடி தள்ளி நின்றால் கண். பழையது எது, புதியது எது என்று யாரையும் ஏமாற்றாத முறை. அதில் அவளுக்குப் பெருமைதான்.

"இன்ஜினியரம்மா, மணி மூணாகப் போகுது." கோயிலைக் கவனித்துக்கொள்ளும் விஸ்ஸா மொச்சைப் பானையோடு உள்ளே வந்தார்; படித்தவர்கள் எல்லோருமே அவருக்கு இன்ஜினியர்கள்தான். "நோன்பு முடியப்போற நேரத்துல சுவரோட என்ன சண்டை?"

"மாமா, இங்க தண்ணி ஊத்திக் கழுவினீங்களா? சாந்து உப்பிக்கிட்டு வருது."

"தரையக் கழுவியே ஒரு மாசமாச்சு. அபூனா காதுல போட்டுடாதீங்க." சிரித்தவர், சுவரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கண்ணத் தோண்டி எங்கம்மா வீட்டுச் சாவியே வளைஞ்சுபோச்சு. நீங்க ஒரே வாரத்துல திருப்பிக் குடுத்துட்டீங்க."

"ஓட்டையா விட்டா வேலை அரைகுறைன்னு அந்த மருமகன்கிட்ட தூக்கிக் குடுத்துடுவாங்க!"

"என்னமோம்மா. ரொட்டி சுட வைக்கிறேன், சீக்கிரம் வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. குவிமாடத்தின் சிறு கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம் சுவரை எட்டுமுன்பே நூற்றாண்டுகளின் தூபப் புகைக்குள் கரைந்துபோக, பழைய மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மேலே புனிதர் இரண்டு கண்களாலும் அவளைப் பார்த்தார்.

விரல் முட்டியால் சாந்தைத் தட்டினாள். உப்பியிருந்தால் காலிப் பானைபோல ஒலிக்கும். கெட்டியாக ஒலித்தது. அப்படியானால் நகர்ந்தது எது?

பஞ்சுக் குச்சியை வாயருகே கொண்டுபோனாள். புகைக்கரியை எடுக்க எச்சிலைவிட நல்ல மருந்து இல்லை; நிறத்தைத் தொடாமல் அழுக்கை மட்டும் தின்னும். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஆனால் விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத வாயில் ஒரு சொட்டு ஊறவில்லை. எரிச்சலில் காய்ந்த பஞ்சையே மூக்கின் ஓரம் உருட்டினாள்.

பஞ்சு நனைந்து வந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

கரி விலகிய இடத்தில், மூக்குக்கு அப்பால், பக்கவாட்டு முகத்தில் இருக்கவே கூடாத இடத்தில், ஒரு கோடு. வளைந்த கோடு. இமை.

அவள் அதை வரையவில்லை.

கத்தியை எடுத்தாள். தான் வரைந்த கண்ணைச் சுரண்டினாள். கோடு கோடாக. சாந்து உதிர்ந்தது. குழி திரும்ப வந்தது. அந்தப் பக்கத்து இமை விரிந்துகொண்டே இருந்தது.

ஓடிப்போய் வாளியைத் தூக்கிவந்தாள். எதற்கு எதிராக மல்லுக்கு நின்றாளோ, அதே வாளி. மூடியைப் பெயர்த்தாள். வாளியோடு கட்டியிருந்த பெயிண்ட் உருளையை வெள்ளையில் முக்கினாள். மன்னிப்புக் கேட்க அண்ணாந்தாள்.

புனிதர் அவளைப் பார்க்கவில்லை.

பக்கவாட்டு முகம். ஒரே கண். மறுபுறம் திரும்பிய தாடை.

உருளையிலிருந்து வெள்ளை சொட்டியது. கீழே, குளம்புக்கு அடியில், அவள் சுரண்டிய குழிக்குள்ளும் ஈரம் மினுங்கியது.

இரண்டு கண்கள். நேராக.